சங்கரதாஸ் சுவாமிகள்

தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் இசை நாடக நடிகரும், நாடகாசிரியரும், நாடக சபை நிறுவனரும் ஆவார். தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றப்படுபவர். பாட்டே முதன்மையாக விளங்கிய மேடையில் நடிகராகத் தொடங்கி, பின்னர் பாடல்களையும் உரையாடல்களையும் முழுமையாக எழுதி நடிகர்களைப் பயிற்றும் ஆசிரியராகி, இறுதியில் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918 ஆம் ஆண்டில் நிறுவினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் முதலிய ஏறத்தாழ 40 நாடகங்கள் இவருடையவை. இவற்றுள் பல மதுரையையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களையும் சேர்ந்த கிராமக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடிக்கப்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தமிழறிஞர். இராமாயணச் சொற்பொழிவு ஆற்றுவதில் வல்லவராக இருந்தமையால் இராமாயணப் புலவர் என்று அழைக்கப்பட்டார்.

சங்கரன் தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்றார். பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர் இவருடன் பயின்றவர். வெண்பா, கலித்துறை, விருத்தம், சந்தம், வண்ணம் ஆகியவற்றை விரைந்து இயற்றும் ஆற்றல் இக்கல்வியால் இளமையிலேயே இவருக்கு வாய்த்தது. நாடகத்திற்கு வருவதற்கு முன் சில காலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார்.

அக்கால நாடக மேடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்து ஒருபுறம் இருந்தது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகம், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் போன்ற கீர்த்தனை நூல்கள் மறுபுறம் இருந்தன. வட இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களும், மராத்தி நாடகக் குழுக்களும் திரைச்சீலை, பக்கத் தட்டிகள், கட்டணக் கொட்டகை ஆகியவற்றைத் தென்னாட்டுக்கு அறிமுகப்படுத்தின. இவற்றின் செல்வாக்கில் ஊர் ஊராகச் செல்லும் தொழில்முறை நாடகக் குழுக்கள் தோன்றின. மக்கள் அவற்றைக் கம்பெனிகள் என்றே அழைத்தனர். இருப்புப் பாதைகள் பரவியமையால் திரைகளையும் உடைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வது எளிதாயிற்று.

இக்கம்பெனிகளின் நாடகங்களில் கதை பெரும்பாலும் பாடல்களாலேயே நகர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் ஆகையால், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு உயர்ந்த சுருதியில் பாடும் குரலே நடிகரின் முதல் தகுதியாகக் கருதப்பட்டது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடை ஓரத்தில் அமர்ந்து துணை செய்தனர். ஐரோப்பாவில் ஆப்பெரா என்று வழங்கும் இசை நாடகத்தோடு ஓரளவு ஒப்பிடத்தக்க கலை இது. எனினும் இதில் பாடல்களுக்கு இடையே வசனமும் வாதமும் இடம்பெற்றன. பாடல்கள் முன்னரே இருந்தாலும் வசனங்களை நடிகர்கள் பெரும்பாலும் மேடையிலேயே தம் விருப்பம்போல் பேசி வந்தனர். ஒரே கதை ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விதமாக முடிவதும், ஒரு நடிகர் மற்றவரை மடக்குவதற்காகவே கேள்விகளை எழுப்புவதும் வழக்கமாக இருந்தன.

சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்தில் நுழைந்த 1891 ஆம் ஆண்டிலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்த, பதவியில் இருந்த பயில்முறை நடிகர்களின் அமைப்பு. உரைநடை நாடகங்களுக்கு அது வழிவகுத்தது. சுவாமிகளின் களம் இதற்கு வேறானது. நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களும், நாளணா கொடுத்து நுழையும் பொதுமக்களும் நிறைந்த தொழில்முறை மேடையில் அவர் பணியாற்றினார்.

நடிகராக

தமது 24 ஆம் வயதில் கணக்கர் வேலையை விட்டு நாடகத் தொழிலில் சேர்ந்தார். தொடக்கத்தில் கலியாணராமையர் நாடக சபையில் நடித்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் போன்ற வேடங்கள் இவருக்குப் பெயர் தேடித் தந்தன. உரத்த குரலும் கம்பீரமான தோற்றமும் இவ்வேடங்களுக்குப் பொருந்தின.

இவர் நடிப்பைக் கைவிட்டதற்கு நாடக உலகில் ஒரு காரணம் வழிவழியாகக் கூறப்படுகிறது. சனீசுவரன், எமன் ஆகிய வேடங்களில் இவரைக் கண்ட பெண்கள் அஞ்சி நடுங்கியதாகவும், அவ்வச்சத்தால் உயிரிழப்பும் கருச்சிதைவும் நேர்ந்ததாகவும், அதனால் மனம் வருந்தி இத்தகைய வேடங்களை இனித் தாங்குவதில்லை என்று இவர் உறுதி கொண்டதாகவும் அச்செய்திகள் தெரிவிக்கின்றன. அவை எவ்வாறாயினும், இதன் பிறகு இவரது கவனம் நடிப்பிலிருந்து நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் திரும்பியது. அடுத்துச் சேர்ந்த சாமி நாயுடு நாடக சபையில் இவர் ஆசிரியராக இருந்தார். அங்கு மேடையில் ஏற்றது நாடகத்தைத் தொடங்கி வைக்கும் சூத்திரதாரர் வேடம் மட்டுமே.

துறவும் புதுக்கோட்டை வாழ்வும்

சாமி நாயுடு சபையில் பணியாற்றி வந்த காலத்தில் இவருக்கு உலக வாழ்வில் பற்று நீங்கியது. சபையை விட்டு விலகித் தலங்கள்தோறும் சென்று வழிபட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. துறவுக் கோலம் பூண்ட இக்காலத்திற்குப் பிறகே சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது.

இப்பயணத்தின்போது புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பு ஏற்பட்டது. கஞ்சிராவைக் கருநாடக இசை மேடைக்குரிய தாளக் கருவியாக உருவாக்கியவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் சுவாமிகளைத் தம் மகனைப் போல ஏற்றுத் தம்மிடமே தங்கச் செய்தார். தாளத்தின் நுட்பங்களையும் திருப்புகழ்ச் சந்தங்களின் அமைப்பையும் சுவாமிகள் இங்கு ஆழ்ந்து அறிந்தார். பிற்காலத்தில் இவர் எழுதிய நாடகப் பாடல்களில் காணப்படும் சந்த வேறுபாடுகளுக்கும் தாளக் கட்டுக்கோப்புக்கும் இப்பயிற்சி அடிப்படையாக அமைந்தது.

மான்பூண்டியா பிள்ளையின் வேண்டுகோளால் சுவாமிகள் மீண்டும் நாடகத்திற்குத் திரும்பினார். ஆனால் இம்முறை ஆசிரியராக மட்டுமே திரும்பினார்.

நாடக ஆசிரியராக

வள்ளி வைத்தியநாதையர் சபை, அல்லி பரமேசுவர ஐயர் சபை, பி. எஸ். வேலு நாயர் நடத்திய சண்முகானந்த சபை ஆகியவற்றில் சுவாமிகள் அடுத்தடுத்து ஆசிரியராகப் பணியாற்றினார். முதல் இரு சபைகளின் உரிமையாளர்களுக்கும் அவர்கள் நடத்திய நாடகங்களே அடைமொழியாக அமைந்துள்ளன. ஒரு கம்பெனியின் பெயரும் பிழைப்பும் ஓரிரு நாடகங்களைச் சார்ந்திருந்த நிலையை இது காட்டுகிறது. நல்ல நாடகம் எழுதித் தரும் ஆசிரியரைக் கம்பெனிகள் போட்டியிட்டு அழைத்தமைக்கும் இதுவே காரணம்.

அக்காலத்தில் நாடக ஆசிரியரை வாத்தியார் என்று அழைத்தனர். கதையைத் தேர்ந்தெடுத்தல், பாடலும் வசனமும் எழுதுதல், மெட்டமைத்தல், ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேடத்தை ஒதுக்குதல், பாடம் சொல்லிக் கொடுத்தல், ஒத்திகை நடத்துதல் ஆகிய அனைத்தும் வாத்தியாரின் பொறுப்பு. இன்று இயக்குநர், கதாசிரியர், பாடலாசிரியர் எனப் பலர் பகிர்ந்து செய்யும் பணியை அவர் ஒருவரே செய்தார்.

சுவாமிகள் எழுதத் தொடங்கினால் அடித்தல் திருத்தல் இன்றித் தொடர்ந்து எழுதிச் செல்வார் என்று அவருடைய மாணவர்கள் பதிவு செய்துள்ளனர். நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்கள், வசனங்கள் அனைத்துடனும் ஒரே இரவில் எழுதி முடித்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

1910 ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை என்ற குழுவைத் தாமே தொடங்கினார். பின்னாளில் தமிழ் நாடக மேடையின் ஈடற்ற பாடகராக விளங்கிய செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா சிறு வயதில் பயிற்சி பெற்றது இச்சபையில்தான்.

பால சபைகள் தோன்றிய காரணம்

பெரியவர்கள் நடிக்கும் கம்பெனிகளில் ஆசிரியருக்கும் நடிகர்களுக்கும் இடையே ஓயாத இழுபறி இருந்தது. நல்ல குரல் படைத்த நடிகர்கள் புகழ் பெற்றதும் கம்பெனியை விட்டு நீங்கி, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசித் தனித்தனியே நடிக்கச் சென்றனர். இவ்வாறு பல ஊர்களிலிருந்து தனித்தனியே வரவழைக்கப்பட்ட நடிகர்கள் ஒன்று கூடி நடத்தும் நாடகத்திற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அதில் ஒத்திகை கிடையாது. எழுதப்பட்ட பாடத்தை விட மேடையில் ஒருவரை ஒருவர் வெல்வதே முதன்மை பெற்றது. குடிப்பழக்கம், குறித்த நேரத்தில் வாராமை, மேடையிலேயே சச்சரவு ஆகியவையும் நடிகர்களுக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தன. நடிகர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவும் மக்கள் தயங்கினர்.

எழுதிய பாடம் எழுதியவாறே மேடையில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய சுவாமிகள், அதற்குப் பெரியவர்களைத் திருத்துவதை விடச் சிறுவர்களைப் பயிற்றுவதே வழி என்ற முடிவுக்கு வந்தார். மதுரையில் ஜெகந்நாத ஐயர் நடத்திய பால மீனரஞ்சனி சங்கீத சபையில் அவர் ஆசிரியராக இருந்தார். அங்கு பெற்ற அனுபவம் தமது சபையை அமைக்க உதவியது.

தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை

பால மீனரஞ்சனி சபையிலிருந்து விலகிய பின், மதுரை நண்பர்களின் துணையுடன் சுவாமிகள் 1918 ஆம் ஆண்டில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். சபையின் பெயரில் உள்ள மீனலோசனி என்பது மதுரை மீனாட்சியம்மனைக் குறிக்கும்.

மதுரையைத் தேர்ந்தெடுத்தமைக்குப் பொருத்தமான சூழல் இருந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901 ஆம் ஆண்டில் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கத்தால் நகரில் தமிழ்ப் புலமைக்கு மதிப்பு உயர்ந்திருந்தது. பஞ்சாலைகளாலும் இருப்புப் பாதைச் சந்திப்பாலும் நகர் வளர்ந்து வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கும் பிற விழாக்களுக்கும் சுற்று வட்டாரத்து உழவர்கள் பெருந்திரளாக வந்து கூடினர்.

ஸ்திரீ பார்ட் நடிகராக விளங்கியவரும், சுவாமிகளோடு பழகியவருமான டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களை இச்சபையில் சேர்த்தார். டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, டி. கே. சண்முகம் ஆகிய இவர்கள் பிற்காலத்தில் தம்பி டி. கே. பகவதியுடன் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்றனர். 1912 இல் பிறந்த சண்முகம் சபையில் சேர்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். அவர் ஏற்ற தொடக்க கால வேடங்களுள் நாரதர் குறிப்பிடத்தக்கது. அபிமன்யு சுந்தரியில் அபிமன்யுவாகவும் நடித்தார்.

சபையில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, பயின்றனர். சுவாமிகள் முதலில் நீதி நூல்களைக் கற்பித்துச் சொற்களைத் திருத்தமாக ஒலிக்கப் பழக்கிய பின்னரே நாடகப் பாடத்தைத் தொடங்கினார். வேடங்களைக் குரல், தோற்றம், நினைவாற்றல் ஆகியவற்றைப் பார்த்து ஒதுக்கினார். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். சுவாமிகள் மிகுந்த கண்டிப்பு உடையவர். பாடம் தவறினால் கடுமையாகத் தண்டித்தார். அதே சமயம் அச்சிறுவர்களிடம் ஆழ்ந்த அன்பு கொண்டிருந்தார் என்பதும் டி. கே. சண்முகத்தின் எழுத்துகளால் தெரிகிறது.

பால சபை முறைக்கு இருண்ட பக்கமும் இருந்தது. பெரும்பாலான சிறுவர்கள் வறுமையால் சேர்க்கப்பட்டவர்கள். பள்ளிக் கல்வி அவர்களுக்குக் கிட்டவில்லை. ஊர் ஊராகச் செல்லும் வாழ்வில் பெற்றோரைக் காண்பதே அரிதாக இருந்தது. நள்ளிரவு கடந்து நடித்துவிட்டுப் பகலில் பாடம் படிக்க வேண்டியிருந்தது. பருவம் மாறும்போது குரல் உடைவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பர். அது வந்ததும் முதன்மை வேடத்தில் பாடிய சிறுவன் பாட முடியாத சிறு வேடங்களுக்குத் தள்ளப்படுவான். குரல் மீளாதவர்கள் தொழிலையே விட நேர்ந்தது. பிற்காலத்தில் பல பால சபைகள் சுவாமிகளின் கல்வி நோக்கத்தைக் கைவிட்டுக் குறைந்த செலவில் நடிகர்களைப் பெறும் வழியாக மட்டும் இம்முறையைக் கையாண்டன.

ஆயினும் தமிழ் மேடைக்கும் பின்னர்த் தமிழ்த் திரைக்கும் இரு தலைமுறை நடிகர்களை இம்முறையே வழங்கியது. தத்துவ மீனலோசனி சபையில் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா பயின்றார். மதுரையைத் தம் பெயரில் கொண்ட மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம். ஜி. ராமச்சந்திரனும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபையில் சிவாஜி கணேசனும் இளமையில் பயிற்சி பெற்றனர். நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபையும் இம்மரபில் வந்ததே.

நாடகங்களின் இயல்பு

சுவாமிகளின் நாடகங்களை அவற்றின் கதை மூலத்தைக் கொண்டு வகைப்படுத்தலாம். வள்ளி திருமணம், சிறுத்தொண்டர், பிரகலாதன், சதி அனுசூயா ஆகியவை புராணக் கதைகள். சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி, இலவகுசா, சதி சுலோசனா ஆகியவை இதிகாசத் தொடர்புடையவை. அல்லி அர்ச்சுனா, பவளக்கொடி, நல்லதங்காள் ஆகியவை மக்களிடையே வழங்கிய அம்மானை, கதைப்பாடல்களைத் தழுவியவை. ஞானசௌந்தரி கிறித்தவக் கதை. வடமொழி மிருச்சகடிகத்தையும் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட்டையும் தழுவி இவர் நாடகங்கள் எழுதினார்.

இவற்றுள் சில கதைகள் மதுரை வட்டாரத்து மக்களுக்கு நெருக்கமானவை. அல்லி மதுரையை ஆண்ட அரசியாகக் கதைப்பாடல்களில் வருபவள். வறுமையால் தன் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்து இறந்த நல்லதங்காளுக்கு, மதுரைக்குத் தெற்கே வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் கோயில் உள்ளது. பஞ்சத்தின் நினைவு அகலாத மானாவாரி நிலத்து மக்கள் இந்நாடகத்தைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தனர்.

கோவலன் கதையோ மதுரையிலேயே முடிவது. சுவாமிகள் சிலப்பதிகாரத்தை அறிந்திருந்தும், மக்களிடையே வழங்கிய கோவலன் கதையின் நிகழ்ச்சிகளையும் சேர்த்தே இந்நாடகத்தை அமைத்தார். இதில் கண்ணகி கோவலனைத் தடுத்துப் பாடும் பாடலில் மதுரை மாபாவியோர் வாழும் ஊர் என்று பொருள்படும் ஒரு தொடர் வருகிறது. மதுரையில் இந்நாடகம் நடந்தபோது அவையோர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர் என்றும், மா என்பது திருமகளையும் பா என்பது கலைமகளையும் வி என்பது மலைமகளையும் குறிக்கும். மூவரும் கூடி வாழும் நகர் என்பதே பொருள் என்று சுவாமிகள் விளக்கி அவர்களை அமைதிப்படுத்தினார் என்றும் கூறப்படுகிறது.

நாடகப் பாடத்தில் விருத்தமும் வெண்பாவும் கீர்த்தனையும் சிந்தும் கலந்து வருகின்றன. மக்கள் அறிந்த பார்சி, இந்துத்தானி மெட்டுகளையும் சுவாமிகள் பயன்படுத்தினார். வசனங்களில் திருக்குறள், நாலடியார் முதலிய நீதி நூல்களின் கருத்துகளைப் பொருத்தமான இடங்களில் சேர்த்தார். எழுத்தறியாத மக்கள் இந்நூல்களின் கருத்துகளைக் கேட்டறிந்த இடம் நாடகக் கொட்டகையாகவே இருந்தது.

இவரது நாடகங்களில் தனிச்சிறப்புடையது தருக்கம் எனப்படும் வாதப் பகுதி. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியோடு முதலில் நாரதரும் பின்னர் வேடனாக வரும் முருகனும் வாதிடுகின்றனர். சாவித்திரி எமனோடு வாதிட்டுக் கணவன் உயிரை மீட்கிறாள். கட்டுப்பாடின்றி நடந்து வந்த மேடைச் சொற்போரை நீக்காமல், கதைக்குத் தேவையான உறுப்பாக மாற்றிப் பாட்டாலும் பாடத்தாலும் வரம்பு கட்டியது சுவாமிகளின் பணியாகும்.

பெண்கள் கற்பின் வலிமையால் வெல்வதையே இந்நாடகங்கள் பெரிதும் பேசுகின்றன என்றும், தம் காலச் சமூகச் சிக்கல்களை அவை நேரடியாகத் தொடவில்லை என்றும் பிற்காலத் திறனாய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். பாடல்களின் மிகுதி நாடக ஓட்டத்தைத் தடுப்பதாகவும் கருத்து உண்டு. வள்ளியும் சாவித்திரியும் அல்லியும் தம்மை எதிர்ப்பவர்களைச் சொல்லால் மடக்குபவர்களாகப் படைக்கப்பட்டிருப்பதும் இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்கது.

நோயும் மறைவும்

1921 ஆம் ஆண்டில் சபை சென்னையில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் செயலிழந்ததோடு பேசும் ஆற்றலும் குறைந்தது. பாடம் சொல்லியே வாழ்ந்தவரால் அதன் பின் பாடம் சொல்ல இயலவில்லை. எனினும் சபையை விட்டு அவர் பிரியவில்லை. சபை சென்ற ஊர்களுக்கெல்லாம் அவரும் உடன் அழைத்துச் செல்லப்பட்டார்.

சபை புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922 நவம்பர் 13 ஆம் நாள் இரவு தமது 55 ஆம் வயதில் காலமானார். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு அவரது சமாதி உள்ளது.

டி. கே. எஸ். சகோதரர்கள் 1925 ஆம் ஆண்டில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினர். 1950 வரை இயங்கிய இக்குழு தொடக்கத்தில் சுவாமிகளின் நாடகங்களையே பெரிதும் நடத்தியது.

பிற்காலத் தாக்கம்

சுவாமிகளின் மாணவர்களும் அவர் நாடகங்களில் நடித்தவர்களும் தமிழ் நாடகத்தைப் பல திசைகளில் கொண்டு சென்றனர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும் புகழ் பெற்றது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்தில் நின்று நாட்டு விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். அவர் 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் நீத்தார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய விடுதலைப் பாடல்கள் புராண நாடகங்களின் இடையே பாடப்பட்டன. நாடகத்தின் பாடம் புராணமாக இருந்தமையால், அதனுள் அரசியலைப் புகுத்துவது நடிகர்களுக்கு எளிதாக இருந்தது.

பேசும் படங்கள் தோன்றியபோது முதலில் படமாக்கப்பட்டவை மேடையில் வெற்றி பெற்ற நாடகங்களே. 1933 இல் டி. பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்து வந்த பவளக்கொடி, கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் 1934 இல் படமாயிற்று. பாகவதரின் முதல் படம் இதுவே.

திரைப்படங்களின் வரவால் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் சுவாமிகள் எந்த ஒழுங்கின்மையைக் கண்டு பால சபைக்குத் திரும்பினாரோ, அந்த ஸ்பெஷல் நாடக முறை மறையவில்லை. இன்று அவரது நாடகங்கள் முதன்மையாக வாழ்வது அம்முறையில்தான். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கிராமக் கோயில் திருவிழாக்களுக்கு ராஜபார்ட், ஸ்திரீ பார்ட், பபூன், நடனப் பெண், ஆர்மோனியம், மிருதங்கம் ஆகிய கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி வரவழைக்கப்படுகின்றனர். அவர்கள் பெயரும் படமும் அச்சிட்ட துண்டறிக்கைகள் ஊரெங்கும் ஒட்டப்படுகின்றன. இரவு பத்து மணி அளவில் தொடங்கும் நாடகம் விடியற்காலை வரை நடைபெறும்.

ஒத்திகையே இன்றி, அன்றிரவு முதன்முறையாகச் சந்திக்கும் நடிகர்களும் ஒன்றாக நடிக்க முடிவதற்குச் சுவாமிகளின் பாடமே காரணம். எந்தக் காட்சிக்குப் பின் எது வரும், எந்தப் பாடலுக்கு எது விடை என்பதை அனைவரும் அறிவர். தனித்தனிக் கலைஞர்களை இணைக்கும் பொது இலக்கணமாக அப்பாடம் விளங்குகிறது. இக்கலைஞர்களின் அமைப்பான தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம், சுவாமிகள் மறைந்த அடுத்த ஆண்டான 1923 முதல் மதுரையில் இயங்கி வருகிறது.

அவரது நாடகங்கள் மலிவு விலைச் சிறு நூல்களாகப் பலரால் அச்சிடப்பட்டன. அவற்றில் பிறருடைய பாடல்கள் கலந்தும் சுவாமிகளின் பாடல்கள் விடுபட்டும் காணப்படுகின்றன. எழுதிய பல நாடகங்கள் கிடைக்கவில்லை. பாடம் மாறாமல் ஒலிக்க வேண்டும் என்று வாழ்ந்த ஒருவரின் நூல்களுக்குத் திருத்தமான மூலத்தை நிறுவுவது இன்றும் ஆய்வாளர்களுக்கு அரிய பணியாக உள்ளது.

நினைவுகள்

* டி. கே. சண்முகம், சுவாமிகளின் வரலாற்றைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்ற நூலாக எழுதினார். எனது நாடக வாழ்க்கை என்ற தம் தன்வரலாற்றிலும் அவரைப் பற்றி விரிவாகக் குறிப்பிட்டுள்ளார்.
* மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை உள்ளது.
* புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது.
* நாடக நடிகர் சங்கத்தினர் மதுரையில் ஆண்டுதோறும் சுவாமிகளுக்குக் குருபூசை நடத்துகின்றனர். புதுச்சேரி கருவடிக்குப்பம் சமாதியிலும் கலைஞர்கள் வழிபாடு செய்கின்றனர்.

நாடகங்களுள் சில

* அபிமன்யு சுந்தரி
* அல்லி அர்ச்சுனா
* இலவகுசா
* கோவலன்
* சத்தியவான் சாவித்திரி
* சதி அனுசூயா
* சதி சுலோசனா
* சாரங்கதரன்
* சிறுத்தொண்டர்
* ஞானசௌந்தரி
* நல்லதங்காள்
* பவளக்கொடி
* பிரகலாதன்
* வள்ளி திருமணம்